கோடையில் எட்டு, குளிரில் பத்து: எடின்பரோவின் பிண வியாபாரம்

1827 நவம்பர் 29. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், வெஸ்ட் போர்ட் பகுதியில், டேனர்ஸ் க்ளோஸ் என்ற சந்தில் இருந்த ஒரு மலிவு விடுதியில், டொனால்ட் என்ற முதியவர் நோய்வாய்ப்பட்டு இறந்துபோனார். பழைய பட்டாளத்துக்காரர். அடுத்த பென்ஷன் கைக்கு வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். விடுதிக்கு நான்கு பவுண்டு வாடகை பாக்கி. விடுதியை நடத்திய வில்லியம் ஹேருக்கு அந்த நான்கு பவுண்டுதான் கவலை. அங்கேயே குடியிருந்த வில்லியம் பர்க்கோடு சேர்ந்து ஒரு வழி கண்டுபிடித்தான். சவப்பெட்டியைத் திறந்து உடலை எடுத்து ஒளித்துவிட்டு, பெட்டிக்குள் தோல் பதனிடும் மரப்பட்டையைக் கனத்துக்கு நிரப்பி, மூடி அடக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு இருவரும் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போய் உடற்கூறியல் பேராசிரியர் மன்றோ எங்கே இருப்பார் என்று விசாரித்தார்கள். வழியில் பார்த்த மாணவர் ஒருவர், சர்ஜன்ஸ் சதுக்கம் 10ஆம் எண்ணுக்குப் போய் டாக்டர் நாக்ஸைப் பாருங்கள் என்று கைகாட்டிவிட்டார். மாணவர்கள் அறுத்துப் படிக்க அங்கே அந்த உடலை வாங்கிக்கொண்டு, ஏழு பவுண்டு பத்து ஷில்லிங் கொடுத்தார்கள். ஹேருக்கு நான்கு பவுண்டு ஐந்து ஷில்லிங், பர்க்குக்கு மூன்று பவுண்டு ஐந்து ஷில்லிங். வாடகை பாக்கி வசூலாகி, ஹேருக்கு மேற்கொண்டு ஐந்து ஷில்லிங் மிச்சம்.

அதுவரை யாரும் கொலை செய்யப்படவில்லை. அடுத்த ஒரு வருடத்துக்குள் பதினாறு கொலைகள் நடந்தன. எடின்பரோவை வைத்து எழுதப்படும் கோதிக் மர்மக் கதைகளில் நிறைய, ஏதோ ஒரு வகையில் இந்தப் பதினாறு பேருக்குக் கடன்பட்டவை. அவற்றில் பனிமூட்டம் இருக்கும். கல்லறைத் தோட்டம் இருக்கும். லாந்தரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கும் ஒருவர் இருப்பார். அறிவியல் வெறி பிடித்த மருத்துவர் கட்டாயம் இருப்பார். படிக்க சுவாரசியமாகத்தான் இருக்கிறது. ஆனால் வழக்கின் சாட்சியங்களையும், பர்க் தூக்கில் போடப்படுவதற்கு முன் கொடுத்த வாக்குமூலங்களையும் படித்தால், வயிற்றைக் கலக்குவது விலைப்பட்டியல்தான். கோடையில் ஓர் உடலுக்கு எட்டு பவுண்டு, குளிர்காலத்தில் பத்து. இந்த இரண்டு பவுண்டு வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் மீதிக் கதை தானாகப் பிடிபட்டுவிடும்.

முதலில் ஊரைப் பற்றி. எடின்பரோவின் பழைய நகரம் ஒரு நீண்ட மேட்டின் முதுகில் உட்கார்ந்திருக்கிறது. மேற்கே உச்சியில் கோட்டை, கிழக்கே சரிவின் முடிவில் ஹோலிரூட் அரண்மனை, இரண்டையும் இணைக்கும் ஒரே பெரிய தெரு. அதிலிருந்து இரு பக்கமும் இறங்கும் குறுகிய சந்துகளைத்தான் க்ளோஸ் என்பார்கள். பரப்பதற்கு இடமில்லாததால் வீடுகள் உயர்ந்துகொண்டே போயின. பத்து மாடியைத் தாண்டிய கல் கட்டடங்கள் மின்தூக்கி என்ற ஒன்றை யாரும் நினைத்துப் பார்க்காத காலத்திலேயே அங்கே இருந்தன. ஒரே கட்டடத்தில், ஒரே படிக்கட்டில், நடு மாடிகளில் நீதிபதியும் சீமாட்டியும், கீழ்த் தளத்திலும் உச்சி மாடியிலும் கூலிக்காரர்களும் வசித்தார்கள். படியேறும்போது ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும்.

1767இல் ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளம் கட்டடக் கலைஞரின் வரைபடம் ஏற்கப்பட்டு, வடக்கே நேர் நேரான தெருக்களோடு புதிய நகரம் எழும்பத் தொடங்கியது. வசதியானவர்கள் ஒவ்வொருவராக அங்கே குடிபோனார்கள். பழைய நகரத்தில் அவர்கள் விட்டுச் சென்ற பெரிய அறைகளைப் பலகை வைத்துத் தடுத்து, ஓர் அறைக்கு ஒரு குடும்பம் என்று வாடகைக்கு விட்டார்கள். 1788இல் திறந்த சவுத் பிரிட்ஜ் பாலத்துக்கு பத்தொன்பது வளைவுகள். இன்று போய்ப் பார்த்தால் ஒரே ஒரு வளைவுதான் கண்ணுக்குத் தெரியும். மற்றவற்றை இருபுறமும் கட்டடங்கள் மறைத்துவிட்டன. மறைந்த வளைவுகளுக்குள் அறை அறையாகத் தடுத்து பட்டறைகளும் மதுக்கடைகளும் கிடங்குகளும் நடத்தினார்கள். மேலேயிருந்து தண்ணீர் கசிந்ததால் கடைக்காரர்கள் வெளியேற, போக்கிடம் இல்லாதவர்கள் உள்ளே புகுந்தார்கள். இன்னொரு பக்கம், மேரி கிங்ஸ் க்ளோஸ் என்ற சந்தின் மேல் மாடிகளை இடித்துவிட்டு, கீழ்ப் பகுதியையே அஸ்திவாரமாக்கி 1750களில் வணிக மாளிகை ஒன்றைக் கட்டினார்கள். ஊருக்கு அடியில் இன்னோர் ஊர் என்று நாவலாசிரியர்கள் எழுதும்போது, அவர்கள் பெரிதாக எதையும் கற்பனை செய்வதில்லை.

கொலைகளுக்கு வசதி செய்து கொடுத்தது இந்த நிலவறைகள் இல்லை. டேனர்ஸ் க்ளோஸ் விடுதி சாதாரணத் தரைமட்ட விடுதி. அதன் வசதி வேறு மாதிரி. அயர்லாந்திலிருந்து கால்வாய் வெட்டவும் அறுவடைக்கும் வந்த கூலியாட்கள், மகனைத் தேடி வந்த தாய், பிச்சை எடுப்பவர்கள், குப்பையில் கரித்துண்டு பொறுக்குபவர்கள் எல்லாரும் ஓரிரவு, ஒரு வாரம் தங்கிப் போகும் இடம் அது. பர்க்கும் ஹேரும்கூட வட அயர்லாந்திலிருந்து வந்து, 1822இல் திறந்த யூனியன் கால்வாயில் மண் சுமந்தவர்கள்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் காலையில் காணவில்லை என்றால், புறப்பட்டுப் போயிருப்பார் என்றுதான் எவரும் நினைப்பார்கள். முன்பு போல அதே படிக்கட்டில் நீதிபதி குடியிருந்தால் ஒருவேளை யாராவது கேட்டிருக்கலாம். நீதிபதிகள் எப்போதோ புதிய நகரத்துக்குப் போய்விட்டார்கள்.

சரி, வாங்கும் பக்கத்துக்கு வருவோம். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவப் புலம் 1726இல் தொடங்கியது. அடுத்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பாவின் முன்னணி மருத்துவப் படிப்பு இடங்களில் ஒன்றாக ஊர் பெயர் வாங்கியது. உடற்கூறியல் பேராசிரியர் பதவி மன்றோ குடும்பத்தில் தாத்தா, மகன், பேரன் என்று மூன்று தலைமுறை தொடர்ந்தது. மூன்றாம் மன்றோவின் பாடம் தூக்கத்தை வரவழைக்கும். 1825இல் அங்கே படிக்கப் போன சார்லஸ் டார்வின்கூட, அந்த ஆளைப் போலவே அவர் பாடமும் சலிப்பு என்று பின்னாளில் எழுதினார். பேராசிரியரிடம் கற்றுக்கொள்ள முடியாத மாணவர்கள் கட்டணம் கட்டி வெளியே தனியார் வகுப்புகளில் சேர்ந்தார்கள். அந்த வகுப்புகள் சர்ஜன்ஸ் சதுக்கத்தில் வரிசையாக இருந்தன. அவற்றில் பெரிய கூட்டம் ராபர்ட் நாக்ஸிடம். வாட்டர்லூ போரில் காயம்பட்டவர்களுக்கு சிகிச்சை அளித்தவர், பெரியம்மையில் இடது கண் பார்வையை இழந்தவர், பளபளப்பாக உடுத்துபவர், நாக்கு கூர்மையானவர். 1828இல் அவரிடம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள். அரங்கம் கொள்ளாமல் அதே பாடத்தை ஒரு நாளில் மூன்று தடவை நடத்தினார். அவரது விளம்பரத்தில் முக்கியமான வாக்குறுதி, அறுத்துப் படிக்கப் போதுமான உடல்கள் கிடைக்கும் என்பதுதான்.

இந்த வாக்குறுதியைச் சட்டத்துக்கு உட்பட்டுக் காப்பாற்ற வழியே கிடையாது. தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடல்தான் முக்கியமான சட்டபூர்வமான வரத்து. அறுவை மருத்துவர்களுக்கு 1500களின் தொடக்கத்தில் கிடைத்த முதல் உரிமையே வருடத்துக்கு ஓர் உடல் என்ற கணக்கில்தான் இருந்தது. பிற்பாடு தற்கொலை செய்தவர்கள், அனாதைக் குழந்தைகள் என்று கொஞ்சம் கூடியும், மாணவர் எண்ணிக்கைக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. மீதியைக் கல்லறை திருடர்கள் கொண்டுவந்தார்கள். புதிதாகப் புதைத்த குழியின் தலைமாட்டில் மட்டும் தோண்டி, பெட்டியின் மேல் பலகையை உடைத்து, கயிறு கட்டி இழுத்துவிடுவார்கள். கெட்டிக்காரர்களுக்கு ஒரு மணி நேர வேலை. குளிர்காலத்தில் உடல் சீக்கிரம் கெடாது, இருட்டும் நீளம். முக்கியமான வகுப்புகளும் குளிர்காலத்தில்தான் நடந்தன. தேவை அப்போது உச்சத்தில் இருக்கும். அந்த இரண்டு பவுண்டு அங்கிருந்து வந்தது.

ஊர்மக்களுக்கு இது தெரியாமல் இல்லை. கிரேஃப்ரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில் இன்றும் குழிகளின் மேல் இரும்புக் கூண்டுகளைப் பார்க்கலாம். உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும் என்ற பயத்தில் போட்டவை என்று சுற்றுலா வழிகாட்டிகள் சிலர் கதை விடுவதுண்டு. உண்மையில் அவை வெளியே இருப்பவர்கள் உள்ளே கை வைக்காமல் இருக்கப் போட்டவை. உடல் அழுகி, விலை போகாது என்ற நிலை வரும்வரை காவல் காத்தால் போதும். வசதியுள்ளவர்கள் கூண்டு போட்டார்கள். செயின்ட் கத்பர்ட்ஸ் தேவாலயத்தார் 1827இல் தோட்டத்து மூலையில் காவல் கோபுரமே கட்டினார்கள். அது இன்னும் நிற்கிறது. இப்படிக் காவல் கூடக்கூட, வரத்து குறைந்து விலை ஏறியது. பர்க்கும் ஹேரும் சந்தைக்குள் நுழைந்தது அந்தச் சமயத்தில்தான். அவர்கள் ஒரு கல்லறையைக்கூடத் தோண்டியவர்கள் இல்லை என்பதைப் பல கதைகள் மறந்துவிடுகின்றன.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். வெஸ்ட் போர்ட்டில் ஒரு கரி பொறுக்கும் கிழவி இருந்தால் காலணா பெறமாட்டாள், இறந்தால் பத்து பவுண்டு. ஒரு கூலியாளுக்கு அது மாதக்கணக்கான சம்பாத்தியம்.

முதலில் கொல்லப்பட்டது யார் என்பதில் பர்க்கின் இரண்டு வாக்குமூலங்களே ஒத்துப்போகவில்லை. காய்ச்சலில் கிடந்த ஜோசஃப் என்ற மாவு அரைப்பவரா, கில்மெர்ட்டன் கிராமத்திலிருந்து பென்ஷன் வாங்க ஊருக்கு வந்த அபிகெயில் சிம்ப்சனா என்ற வாதம் இன்றும் தீரவில்லை. முறை மட்டும் பெரும்பாலும் மாறவில்லை. விஸ்கி வாங்கிக் கொடுப்பார்கள். மயங்கியதும் ஒருவன் மார்பின் மேல் படுத்து அழுத்த, மற்றவன் மூக்கையும் வாயையும் பொத்துவான். காயம் இருக்காது, ரத்தம் இருக்காது. கத்தியோ கயிறோ படாத உடலுக்குத்தான் முழு விலை.

இதில் இரண்டு சம்பவங்களைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். 1828 ஏப்ரலில் மேரி பேட்டர்சன் என்ற இளம்பெண் கொல்லப்பட்டு, சில மணி நேரத்திலேயே சர்ஜன்ஸ் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தார். நாக்ஸின் உதவியாளர்களில் ஒருவருக்கு அந்த முகம் தெரிந்த முகமாக இருந்தது. எங்கே கிடைத்தது என்று கேட்டார். கேனன்கேட் பகுதியில் ஒரு கிழவியிடம் வாங்கினோம் என்றான் பர்க். அதோடு பேச்சு முடிந்தது. மேரியின் உடலை உடனே அறுக்காமல் மூன்று மாதம் விஸ்கியில் ஊறவைத்து வைத்திருந்தார்கள்.

அந்த அக்டோபரில் ஜேம்ஸ் வில்சன். ஊரில் எல்லாருக்கும் அவர் ஜேமி. பதினெட்டு வயதை ஒட்டிய, மனவளர்ச்சி குன்றிய பையன், கால் வளைந்திருக்கும், தெருவில் விடுகதை சொல்லிச் சுற்றுவார், அதிகம் குடிக்கமாட்டார். அதனால் அவர் மட்டும் முழு பலத்தோடு திமிறினார். அவரது மூக்குப்பொடி டப்பா கொலைகாரர்கள் கைக்குப் போனது. மற்றவர்களின் துணிகளை அழித்துவிடும் பர்க், ஜேமியின் துணிகளை அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். மறுநாள் உடலைப் பார்த்த மாணவர்கள் பலர் இது ஜேமி என்றார்கள். நாக்ஸ் இல்லை என்று அடித்துச் சொன்னார். தலையையும் காலையும் முதலில் அகற்றிவிட்டார்கள் என்று அப்போதே ஊரில் பேச்சு. தாய் அதற்குள் மகனைத் தேடித் தெருத்தெருவாக அலைந்துகொண்டிருந்தார்.

போலீஸ்காரர்களும் ஒரு தடவை உதவியிருக்கிறார்கள், தெரியாமல். குடிபோதையில் இருந்த ஒரு பெண்ணை இரண்டு காவலர்கள் இழுத்துப் போவதைப் பார்த்த பர்க், தெரிந்த அம்மாதான், நான் வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டான். ஒழிந்தது தொல்லை என்று விட்டுவிட்டார்கள். அன்று இரவே அவர் நாக்ஸிடம் போய்ச் சேர்ந்தார்.

கூட்டாளிகளுக்குள் வந்த சண்டையும் கணக்குச் சண்டைதான். ஜூன் மாதத்தில் பர்க் தன் துணைவி ஹெலன் மெக்டூகலோடு ஃபால்கர்க்குக்குப் போயிருந்தான். திரும்பி வந்து பார்த்தால் ஹேர் கையில் காசு புரள்கிறது. கேட்டால் ஒன்றுமில்லை என்றான். பர்க் நேராக நாக்ஸின் இடத்துக்கே போய் விசாரித்தான். ஹேர் தனியாக ஒரு பெண்ணின் உடலை எட்டு பவுண்டுக்கு விற்றது தெரிந்தது. அந்த மனஸ்தாபத்தில் பர்க் விடுதியை விட்டு பக்கத்திலேயே வேறு வீட்டுக்கு மாறினான். வியாபாரம் நிற்கவில்லை.

அவர்களைப் பிடித்துக் கொடுத்தது துப்பறிவாளர் இல்லை. ஒரு ஜோடி காலுறை. அக்டோபர் 31, ஆவிகள் உலவும் என்று நம்பப்படும் ஹாலோவீன் இரவு. மார்கரெட் டொகெர்ட்டி என்ற அயர்லாந்துப் பெண்ணை, என் அம்மாவும் டொகெர்ட்டி குடும்பம்தான் என்று உறவு கொண்டாடி பர்க் வீட்டுக்கு அழைத்துவந்தான். வீட்டில் ஏற்கெனவே ஜேம்ஸ் கிரே, அவர் மனைவி ஆன், குழந்தை ஆகியோர் தங்கியிருந்தார்கள். அன்று ஒரு இரவு மட்டும் ஹேரின் விடுதியில் படுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டான். மறுநாள் அவர்கள் திரும்பியபோது டொகெர்ட்டி இல்லை. கட்டிலடி வைக்கோல் பக்கம் விட்டிருந்த குழந்தையின் காலுறையை எடுக்கப் போன ஆனை, அங்கே போகாதே என்று பர்க் அதட்டினான். அந்த அதட்டலில்தான் சந்தேகம் வந்தது. ஆள் இல்லாத நேரம் பார்த்து வைக்கோலை விலக்கினார்கள். உடல்.

வெளியே ஓடிவந்தவர்களை வழியில் மடக்கிய மெக்டூகல், வாயை மூடிக்கொண்டிருந்தால் வாரத்துக்குப் பத்து பவுண்டு கிடைக்கும் என்று கெஞ்சினாள். கிரே தம்பதி தங்கியிருந்ததே ஒண்டுக் குடித்தனத்தில். செத்தவர்களை வைத்துப் பணம் பார்க்கும் நிலை எனக்கு வேண்டாம் என்று ஆன் சொல்லிவிட்டு, இருவரும் காவல் நிலையத்துக்குப் போனார்கள். ஒரு வருடத்தில் மருத்துவர்கள், மாணவர்கள், காவலர்கள், கூலிக்குச் சுமந்தவர்கள், அக்கம்பக்கத்தார் என்று எத்தனையோ பேர் இந்த உடல்களைக் கடந்துபோனார்கள். நின்று கேட்டது இவர்கள்தான்.

வழக்கு கதைகளில் வருவதைவிடப் பலவீனமாக இருந்தது. மருத்துவ நீதியியல் பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் டொகெர்ட்டியின் உடலைப் பரிசோதித்தார். மூச்சுத் திணறடித்துக் கொன்றிருக்கலாம் என்று சொல்ல முடிந்ததே தவிர, கொலைதான் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மற்ற பதினைந்து உடல்களும் மாணவர்களின் கத்திக்குக் கீழே துண்டு துண்டாகிவிட்டன. வேறு வழியில்லாமல் அரசுத் தலைமை வழக்கறிஞர் வில்லியம் ரே, ஹேரை அப்ரூவராக்கினார். உன்மேல் வழக்கில்லை, எல்லாவற்றையும் சொல் என்பது ஒப்பந்தம். டிசம்பர் 24 காலை பத்து மணிக்குத் தொடங்கிய விசாரணை, இரவெல்லாம் இடைவிடாமல் நடந்து கிறிஸ்துமஸ் காலையில் முடிந்தது. ஜூரிகள் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். பர்க் குற்றவாளி. மெக்டூகல்மேல் குற்றம் நிரூபணமாகவில்லை என்று, குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டும் இல்லாமல், அந்தக் காலத்தில் ஸ்காட்லாந்துக்கே உரியதாக இருந்த மூன்றாவது வகைத் தீர்ப்பு. நாக்ஸின் பெயர் சாட்சிப் பட்டியலில் இருந்தது. அவரை யாரும் கூண்டுக்கு அழைக்கவில்லை.

1829 ஜனவரி 28 அன்று லான்மார்க்கெட்டில் கொட்டும் மழையில் பர்க்கைத் தூக்கிலிட்டார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட கூட்டம். தெருவைப் பார்த்த ஜன்னல்களை வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விட்டார்கள். தீர்ப்பின்படி உடல் மன்றோவின் மேசைக்குப் போனது. உள்ளே விடச் சொல்லி மாணவர்கள் கலாட்டா செய்தார்கள். பேனாவை பர்க்கின் ரத்தத்தில் தொட்டு மன்றோ எழுதிய ஒரு சிறு குறிப்பு இன்றும் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. எலும்புக்கூடு அங்கே உடற்கூறியல் அருங்காட்சியகத்தில். அவன் தோலில் செய்தது என்று சொல்லப்படும் ஒரு சிறிய பாக்கெட் நோட்டு சர்ஜன்ஸ் ஹால் அருங்காட்சியகத்தில். இதையெல்லாம் செய்தவர்கள் படித்தவர்கள். கொலைகாரனின் தோலில் நோட்டு செய்வது எந்த நாவலாசிரியருக்கும் முதலில் தோன்றியிருக்காது.

ஹேரை விடுவிக்க வேண்டியதாயிற்று. ஜேமியின் தாயும் தங்கையும் தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடுக்க முயன்றார்கள். அரசு கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. பிப்ரவரியில் வெளியே வந்தவன் டம்ஃப்ரீஸில் கூட்டத்திடம் சிக்கி உயிர் தப்பி, எல்லையைத் தாண்டி கார்லைல் பக்கம் போனதோடு அவன் தடம் மறைந்துவிட்டது. கண் குருடாகி லண்டனில் பிச்சை எடுத்தான் என்ற கதை மக்கள் தங்களுக்குச் செய்துகொண்ட நியாயம்.

நாக்ஸின் வீட்டு முன் அவர் கொடும்பாவியைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஒரு விசாரணைக் குழு அமைந்தது. கொலை என்று அவருக்குத் தெரிந்ததற்கு ஆதாரம் இல்லை, ஆனால் உடல்களை வாங்கிய விதத்தில் எச்சரிக்கை போதாது என்று அது சொன்னது. பர்க்கும் அவருக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் சொன்னான். அப்படியானால் அவர் குற்றமற்றவரா? என் அபிப்பிராயத்தில், சூடு ஆறாத உடல்கள், மண் ஒட்டாத உடல்கள், ஒரே இரண்டு பேரிடமிருந்து வந்துகொண்டே இருந்தபோது, இவ்வளவு தேர்ந்த உடற்கூறியல் நிபுணருக்குத் தோன்றவே இல்லை என்றால், தோன்றக் கூடாது என்று அவர் பார்த்துக்கொண்டார். கூட்டம் மெல்லக் குறைந்து, 1842இல் ஊரை விட்டு லண்டன் போனார். பின்னாளில் இனங்களைத் தரம் பிரித்து அவர் எழுதிய புத்தகத்தைப் படித்தால், மனிதர்களில் சிலர் பொருட்கள் என்ற எண்ணம் அவருக்குப் புதிதில்லை என்று தெரியும்.

1831இல் லண்டனிலும் இதே பாணியில் கொலைகள் பிடிபட்டன. அதே வருடம் அபர்தீனில், உடற்கூறியல் கூடத்தின் பின்னால் நாய் ஒன்று மனித உடல் பாகங்களைக் கிளறி எடுக்க, மக்கள் கட்டடத்தையே கொளுத்தினார்கள். பாராளுமன்றம் 1832இல் உடற்கூறியல் சட்டம் கொண்டுவந்தது. கொலைகாரர்களை அறுக்கும் தண்டனை ஒழிந்தது. அதற்குப் பதில், ஏழைகள் விடுதியிலும் மருத்துவமனையிலும் இறந்து, யாரும் உரிமை கோராத உடல்கள் மருத்துவப் பள்ளிகளுக்குப் போகும். கல்லறைத் திருட்டு கிட்டத்தட்ட ஒரே வீச்சில் நின்றது. விலை இல்லாத இடத்தில் திருட்டு எதற்கு? அதாவது நேற்றுவரை கொலைக்குத் தண்டனையாக இருந்த ஒன்று, அன்றிலிருந்து அடக்கச் செலவுக்குக் காசில்லாதவர்களுக்கு விதியானது. டேனர்ஸ் க்ளோஸ் விடுதியில் தங்கியவர்களைப் போன்றவர்கள்தான் மறுபடியும் மேசைக்குப் போனார்கள், இந்தத் தடவை ரசீதோடு.

உரிமை கோரப்படாத உடல் என்ற அந்தத் தத்துவம் இந்திய மாநிலங்களின் உடற்கூறியல் சட்டங்களிலும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் மேற்கு நாட்டு மருத்துவ மாணவர்களின் எலும்புக்கூடுகள் பெருமளவு கல்கத்தாவிலிருந்து கப்பலேறின. 1985இல்தான் இந்திய அரசு அந்த ஏற்றுமதியைத் தடை செய்தது. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் உடற்கூறியல் சேகரிப்பில் இருந்த இலங்கையின் பழங்குடிகளான வேடர்களின் ஒன்பது மண்டையோடுகள் 2019 நவம்பரில் அவர்கள் தலைவரிடம் திருப்பிக் கொடுக்கப்பட்டன.

மர்மம் வேண்டுபவர்களுக்கு ஊர் வேறு விஷயங்களும் வைத்திருக்கிறது. 1836 கோடையில் ஆர்தர்ஸ் சீட் குன்றில் முயல் பிடிக்கப் போன பையன்கள், கற்பலகைகளுக்குப் பின்னால் ஒரு பொந்தில் பதினேழு குட்டிச் சவப்பெட்டிகளைக் கண்டார்கள். விரல் நீளப் பெட்டிகள், உள்ளே துணி உடுத்திய மரப் பொம்மைகள். எட்டு மட்டும் மிஞ்சி ஸ்காட்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பதினாறு கொலை, கூடவே டொனால்ட், ஆகப் பதினேழு என்று ஒரு கணக்கு. உடலே இல்லாமல் போனவர்களுக்கு யாரோ செய்த அடக்கம் என்று படிக்கும்போது மனதைத் தொடும். கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலானோர் பெண்கள், பொம்மைகளோ ஆண்களைப் போல இருக்கின்றன என்பது இடிக்கிறது. விடை கிடைக்கவில்லை.

பகலில் நகரமன்ற உறுப்பினர், இரவில் கொள்ளைக்காரன் என்று வாழ்ந்து 1788இல் தூக்கில் தொங்கிய டீக்கன் பிராடியும் இந்த ஊர்க்காரர்தான். அவர் செய்த அலமாரி ஒன்று நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் வளர்ந்த வீட்டில் இருந்தது. ஸ்டீவன்சன் எழுதிய ஜெக்கிலும் ஹைடும் கதை லண்டனில் நடந்தாலும் அதன் வேர் எடின்பரோவில் என்று விமர்சகர்கள் சொல்வதற்கு இது ஒரு காரணம். ஆனால் ஓர் உடம்புக்குள் நல்லவனும் கெட்டவனும் என்ற அந்தச் சூத்திரம் நாக்ஸ் விவகாரத்துக்குப் பொருந்தாது. இங்கே ஒருவரும் இரவில் உருமாறவில்லை. எல்லாரும் தங்கள் வேலையைச் செய்தார்கள்.

பர்க்கை அரக்கனாகவும் நாக்ஸைப் பைத்தியக்கார விஞ்ஞானியாகவும் காட்டும் கதைகள் இதனால்தான் எனக்குப் பாதியில் சப்பென்று ஆகிவிடுகின்றன. இதை யாராவது மறுபடி எழுதுவதானால் டேவிட் பேட்டர்சனிடமிருந்து தொடங்கலாம். நாக்ஸிடம் வாயில்காப்பவராக இருந்தவர். டொகெர்ட்டி இறந்த அந்த இரவில் பர்க் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போய், மூலையில் வைக்கோலைக் காட்டி, காலையில் டாக்டருக்குக் கொடுக்க அங்கே ஒன்று இருக்கிறது என்றான். பேட்டர்சன் பார்த்துவிட்டு வந்தார். மறுநாள் உடல் தேயிலைப் பெட்டியில் வந்தது. முன்பணம் ஐந்து பவுண்டைப் பங்கு பிரித்தபோதும் அவர் இருந்தார்: பர்க்குக்கும் ஹேருக்கும் ஆளுக்கு இரண்டு பவுண்டு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், சுமந்து வந்தவருக்கு ஐந்து ஷில்லிங். அதற்கடுத்த நாள் போலீஸ் வந்தபோது நிலவறையைத் திறந்து, கயிறு அவிழ்க்காத பெட்டியைக் காட்டியதும் அவரே. பிறகு நாக்ஸ் அவரை வேலையை விட்டு நீக்கினார், ஊர் அவரையும் தூற்றியது, அவர் தன் பக்கத்தைச் சொல்ல அலைந்தார். மீதி ஐந்து பவுண்டை நாக்ஸ் இன்னும் தரவேண்டும், தூக்குமேடைக்குப் போட ஒரு நல்ல கோட்டு வாங்க உதவும் என்று பர்க் சிறையில் கேட்டுக்கொண்டிருந்தான்.